பார்க்காமல் விட்ட 42 வீடியோக்கள்

ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்து ஆறு வாரம் முடிந்த ஒரு ஞாயிறு இரவு, போர்டலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பார்க்காமல் கிடந்த விரிவுரை வீடியோக்கள் 42. ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது நிமிடத் துண்டுதான். எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகவே ஆன்லைன் படிப்பைத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்த 'எப்போது வேண்டுமானாலும்' ஆறு வாரமாக வரவே இல்லை.

பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த கணவர், "நீ படிக்கிறியா, இல்ல ஸ்டாக் சேக்குறியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் வேலை பார்ப்பது ஒரு நிறுவனத்தின் கிடங்கில். எந்தப் பொருள் எப்போது தீரும், எவ்வளவு ஆர்டர் போடலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் தொழில். கிடங்கில் சரக்கு தேங்கினால் ஆயிரம் கேள்வி கேட்பவள், படிப்பில் தேங்கியதைக் கவனிக்கவே இல்லை.

சேர்வதற்கு முன் விசாரிக்கும் வேலையை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன். 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருப்பது அப்போதுதான் புரிந்தது. ஒன்று, பட்டம் கொடுக்கும் உரிமை. அதை அந்தந்த நாட்டு அரசோ அரசு நியமித்த அமைப்போ தருகிறது. இன்னொன்று, மேலாண்மைக் கல்லூரிகளுக்கென்றே இருக்கும் தர முத்திரைகள். 1916-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் ஈக்விஸ், லண்டனில் இருக்கும் ஆம்பா ஆகிய மூன்றும்தான் இவற்றில் பெரியவை. முதல் இரண்டும் கல்லூரியை எடைபோடுபவை, ஆம்பா குறிப்பிட்ட படிப்பைத் தனியாகப் பார்க்கும். முத்திரை இருந்துவிட்டால் எல்லா நாட்டிலும் பட்டம் செல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டையும் தனித்தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். "நடுவில் ஒரு பாடத்தை என்னால் முடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்?" பாதிப் பேர் வண்ணப் படங்களோடு விளம்பரக் கையேட்டை அனுப்பினார்கள். ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும், விதி இன்ன பிரிவு, இத்தனை முறை ஒத்திப்போடலாம், இவ்வளவு காலத்துக்குள் படிப்பை முடித்தாக வேண்டும் என்று நான்கு வரியில் பதில் வந்தது. அங்கேயே சேர்ந்தேன். இரண்டு வருடம், ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம்.

முதல் பருவத்தில் கணக்கியலும் செயல்பாட்டு மேலாண்மையும். இரண்டாவது பாடம் கிடங்கு வேலையைப் போன்றதுதானே, என் சொந்த வீடு என்று நினைத்து அலட்சியமாக இருந்தேன். அதில்தான் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்துக் காட்டிய விதி வந்தது. ஒரு வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது, ஆட்கள் வரும் வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அவ்வளவுதான் விதி. மாற்றிப் போட்டால், நிற்பவர்களை வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். அந்த ஞாயிறு இரவு 42 வீடியோக்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஆறு பார்த்துக்கொண்டிருந்தேன். 42-ஐ ஆறால் வகுத்தால் ஏழு வாரம். அதாவது வரிசை மாறாமல் பார்த்தால், இன்று ஏறிய வீடியோவுக்கு நான் வந்து சேர ஏழு வாரம் ஆகும். பருவம் முடிய மீதி இருந்ததோ ஆறு வாரம். இத்தனைக்கும் அந்த விதி, வரத்தும் போக்கும் சமமாக இருக்கும் வரிசைக்குத்தான் பொருந்தும். என் நிலைமை அதைவிட மோசம், வாரத்துக்கு 13 வந்துகொண்டிருந்தது.

மறுநாளே வரிசையை உடைத்தேன். முதலிலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு அசைன்மென்டை முதலில் திறந்தேன். கணக்கைப் போட்டுப் பார்ப்பது, எங்கே முட்டுகிறதோ அந்தச் சொல்லை விரிவுரையின் எழுத்துப் பிரதியில் தேடுவது, அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பது. இது நேர்மையான படிப்பா என்று கொஞ்ச நாள் உறுத்தியது. ஆனால் ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு நிறைவு வருகிறதே, அதை நம்பித்தான் முதல் மாதம் மோசம் போனேன். கணக்கில் முட்டிக்கொண்டு பார்த்த ஐந்து நிமிடம்தான் மனதில் தங்கியது.

நேரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஒரே பத்தியை மூன்று முறை படித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு அதிகாலை நாலே முக்காலிலிருந்து ஆறே கால் வரை, வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை நான்கு மணி நேரம். ஞாயிறு விடுமுறை, போர்டலைத் திறக்கவே கூடாது என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் அந்த ஒப்பந்தத்தை எத்தனை முறை மீறினேன் என்று கணவர் கணக்கு வைத்திருக்கிறார், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கணக்கியல் என்னைப் படுத்தியது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் அச்சில் விளக்கிவிட்டார், ஐநூறு வருடம் கழித்தும் எனக்கு ஏறவில்லை. பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று என்கிறது பாடம். ஆனால் பணம் வந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையில் வரவு என்றல்லவா இருக்கிறது? மூன்று நாள் குழம்பிவிட்டு வகுப்பு விவாதப் பலகையில் கேட்டேன். மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்த சக மாணவி பதில் போட்டார்: "அது உங்கள் புத்தகம் இல்லை, வங்கியின் புத்தகம். உங்கள் பணம் அவர்களுக்குக் கடன். அவர்கள் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்." ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அதற்கு முன் அந்தப் பலகையில், மதிப்பெண்ணுக்காக "அருமையான கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதுவதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. தெரியவில்லை என்று எழுதினால்தான் மனிதர்கள் வருகிறார்கள்.

இரண்டாம் பருவத்தின் நிதி மேலாண்மையில் ஒரு அடி வாங்கினேன், மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஒரு திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவதைக் கண்டுபிடிக்க எக்செலில் என்.பி.வி. என்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது. முதலீடு தொடங்கி ஐந்தாம் வருட வருமானம் வரை எல்லாக் கட்டங்களையும் அதற்குள் போட்டு விடையை எழுதிவிட்டேன். தப்பு. அந்த ஃபார்முலா முதல் தொகையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குப் போடும் முதலீட்டை வெளியே வைத்துத் தனியாகக் கழிக்க வேண்டும். வேலை செய்யும் ஃபார்முலா, பிழை காட்டாத விடை, ஆனாலும் தவறு. கேள்வித்தாளில் பாதி மதிப்பெண் அதில் போனது.

சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, சட்டம் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. படித்தேன், தேறினேன்.

குரூப் பிராஜெக்ட் பற்றி எழுதினால் தனிக் கதை. ஐந்து பேர், நான்கு நேர மண்டலங்கள். யாருக்கும் நள்ளிரவாக இல்லாத ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கவே முதல் வாரம் போனது. கண்டுபிடித்த பிறகு ஒரு நாள் இரண்டு பேர் சரியாக ஒரு மணி நேரம் தள்ளி வந்தார்கள். அவர்கள் நாட்டில் கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள், எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அதிலிருந்து எல்லாச் சந்திப்பையும் கோடையிலும் மாறாத உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதினோம். ஒருவர் கடைசி வரை எட்டிப் பார்க்கவே இல்லை. நான் பொறுத்துப் போனேன், கடைசி வாரம் அவருடைய பகுதியையும் நானே எழுதினேன், அவருக்கும் எனக்கும் ஒரே மதிப்பெண். அடுத்த பருவத்தில் வேறு குழுவில் இதே நிலை வந்தபோது, இரண்டாம் வாரமே "உங்களால் இதில் எந்தப் பகுதி முடியும்?" என்று தனியாகக் கேட்டேன். அந்த மனிதருக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சொல்லத் தயங்கியிருக்கிறார். அட்டவணைகளை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார், பிரமாதமாகச் செய்தார்.

எனக்கு இந்தப் படிப்பு முழுவதற்கும் பதில் சொன்னது ஒரே ஒரு மாலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960 வாக்கில் உருவான 'பியர் கேம்' என்ற, பியர் பெட்டிகளை விற்கும் விளையாட்டை இணையத்தில் விளையாட வைத்தார்கள். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, ஆர்டர் மட்டும் அனுப்பலாம். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் ஆகும். கையில் சரக்கு தங்கினால் செலவு, கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் அதைப் போல இரண்டு மடங்கு செலவு. நான் மொத்த வியாபாரி.

சில சுற்றுகளில் ஆர்டர் ஏறியது. நானும் ஏற்றினேன். சரக்கு வரவில்லை. பயந்து இன்னும் கூட்டிப் போட்டேன். பிறகு கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து குவிந்தது, அதற்குள் கீழேயிருந்து ஆர்டர் நின்றுவிட்டது. சில்லறைக்காரர் புத்தியில்லாமல் ஆர்டர் போடுகிறார் என்று நான் திட்டினேன். விநியோகஸ்தர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. முடிந்ததும் பேராசிரியர் வாடிக்கையாளரின் உண்மையான தேவையைத் திரையில் காட்டினார். வாரத்துக்கு நான்கு பெட்டியாக இருந்தது, ஐந்தாவது வாரத்தில் எட்டாகி, கடைசி வரை எட்டாகவே இருந்தது. ஒரே ஒரு படி. அதை நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து மலையும் பள்ளமுமாக ஆக்கியிருந்தோம். இதற்குப் புல்விப் விளைவு என்று பெயர், சாட்டையின் பிடியைச் சற்று அசைத்தால் நுனி சுழன்றடிப்பது போல.

நான் கேமராவை அணைத்துவிட்டேன். மூன்று வருடமாக வேலையில் ஒரு சப்ளையரைப் பற்றி, கேட்டால் தரமாட்டார், வேண்டாதபோது கொண்டுவந்து கொட்டுவார் என்று புகார் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் புகார்களின் தேதிகளும் என் ஆர்டர்களின் தேதிகளும் மனதில் ஓடின.

கடைசிப் பருவ ஆய்வுக்கு அதையே எடுத்தேன். நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்த அனுமதி வாங்க ஒரு மாதம் ஆனது. கடைசிப் பருவத்தில் ஆய்வு செய்யப்போகிறவர்கள் அந்தக் கடிதத்தை முந்தைய பருவத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பதற்றத்தில் இரட்டித்துப் போட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முடிவில் நான் பரிந்துரைத்தது ரொம்பச் சாதாரணமான ஒன்று: எங்கள் வாராந்தர விற்பனை எண்ணை அந்தச் சப்ளையருக்கும் அனுப்பிவிடுவது. மேலாளர், "இதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமாம்மா?" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமராவைச் சுற்றிக் காட்டி அறை காலி என்று நிரூபிக்க வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், கண் திரையை விட்டு விலகக் கூடாது. எனக்குக் கணக்குப் போடும்போது எண்களை முணுமுணுக்கும் பழக்கம். நிதித் தேர்வு முடிந்த மறுநாள், அறையில் வேறு யாரோ பேசியதாகச் சந்தேகம் என்று மின்னஞ்சல் வந்தது. யாரோ ஒருவர் பதிவை உட்கார்ந்து கேட்டு, நான் தனியாகப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்ததை உறுதி செய்யும்வரை ஒன்பது நாள் மதிப்பெண் நின்றது. அதன் பிறகு எழுதிய தேர்வுகளிலெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கூட்டினேன்.

பட்டம் பி.டி.எஃப். கோப்பாக முதலில் வந்தது, தாள் பிறகு வந்தது. போர்டல் இன்னும் மூன்று மாதம் திறந்திருக்கும், அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு. கடைசி நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். பார்க்காதவை 17. பேச்சுவார்த்தை பற்றி இரண்டு, நிறுவனங்களை இணைப்பது பற்றி ஐந்து, மீதி எல்லாம் அறிமுக உரைகள். பக்கத்தில் கணவர் இருந்தார். "எத்தனை?" என்றார். சொன்னேன். "பரவால்ல, நல்ல கிடங்குதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.