புஷ் 3 வாங்கலாமா?

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இசையமைக்கும் நண்பர்கள் பலர், அதைக் கையால் வாசித்து இயக்கும் கருவியான புஷ் 3 பற்றி இதைக் கேட்டுவிட்டார்கள். முதலில் ஒன்று: இதை வாங்கினால் உங்கள் பாட்டின் ஒலித்தரம் உயராது. ஒலி மென்பொருளில் பிறக்கிறது. மாறுவது உங்கள் கை வேலை செய்யும் விதம்தான்.

2013இல் வந்த முதல் புஷ்ஷிலேயே விரலால் தட்டி வாசிக்கும் 64 பேட்கள் (சதுர விசைகள்) இருந்தன. எனக்கு 2023இல் வந்த மூன்றாவதன்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் வேறு. இதில் பேட்டின் மேல் விரலை இடவலமாக அசைத்தால், அந்த ஒரு சுரத்தின் சுருதி மட்டும் வளைகிறது. சேர்ந்து ஒலிக்கும் மற்ற சுரங்கள் அசையாமல் நிற்கின்றன. கமகம் இல்லாமல் தோடியை நினைத்துப் பார்க்க முடியுமா? சாதாரணக் கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பினால் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே நகரும். நம் இசைக்கு இது பெரிய விஷயம்.

கணினி இல்லாமலே இயங்கும் வகையும் உண்டு. வெளியானபோது கணினியோடு இணைத்து வாசிக்கும் சாதாரண வகை 999 டாலர், தனியாக இயங்கும் இந்த வகை 1,999. ஆனால் தனியாக இயங்கும்போது வெளி நிறுவனங்களின் பிளகின்கள் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் ஒலி நிரல்கள்) இதில் ஓடாது. வீணை, மிருதங்க ஒலிகளுக்கு அவற்றை நம்பியிருப்பவர்கள் சாதாரண வகையையே எடுங்கள்.

பெரும்பாலும் மிக்ஸிங் மட்டும் செய்பவர்களுக்கு இது வேண்டாம். மெட்டுப் போடுபவர்கள், கடையில் அரை மணி நேரமாவது வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.