சிகாகோ மோட்டார் ரோவைப் பின்சந்திலிருந்து பார்ப்பது

சிகாகோ நகர மையத்திலிருந்து க்ரீன் லைன் ரயிலில் தெற்கே வந்தால் செர்மாக்–மெக்கார்மிக் ப்ளேஸ் ஸ்டேஷன். 2015-ல் திறந்தது. இறங்கிக் கிழக்கே சில நிமிடம் நடந்தால் சவுத் மிச்சிகன் அவென்யூ. அங்கிருந்து தெற்கே, கதவிலக்கம் 2200 முதல் 2500 வரையிலான பகுதியைத்தான் மோட்டார் ரோ என்கிறார்கள், அந்தக் காலத்துக் கார் ஷோரூம் வரிசை. வருகிறவர்களில் பாதிப்பேர் முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முகப்பு விளம்பரம்தான். வேலை நடந்த இடம் பின்னால் இருக்கிறது.

1905-ல் ஃபோர்டு கம்பெனி இதே மிச்சிகன் அவென்யூவில், கொஞ்சம் வடக்கே 1444-ஆம் எண்ணில் கடை போட்டது. அதன்பின் மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். உச்சத்தில் 116 பிராண்ட் கார்கள் இந்தத் தெருவில் விற்றதாகக் கணக்கு. இப்போது அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரே யாருக்கும் தெரியாது. 2222-ல் இருந்த ஹட்சன் கட்டடமும் பக்கத்திலேயே மார்மன் கட்டடமும் 1922-ல் ஆல்ஃப்ரெட் ஆல்ஷூலர் வடிவமைத்தவை. இரண்டு கம்பெனியும் போய்விட்டன, கட்டடங்கள் நிற்கின்றன.

இனி பின்சந்துக்குப் போகலாம். அங்கே செங்கல் சுவரில் அகலமான கதவும், கூரைக்கு மேலே பெட்டி மாதிரி துருத்தி நிற்கும் சின்ன அறையும் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் கார் லிஃப்ட்டின் மோட்டார் அறை. மனைகள் அகலம் குறைந்தவை, ஆழம் அதிகம். 12 அடி உயர மாடிக்கு, 100 அடிக்கு 15 அடி ஏறும் சரிவில் பாதை போட்டாலே 80 அடி நீளம் வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் அது அடைத்துக்கொண்டால் கார் நிறுத்த என்ன மிஞ்சும்? லிஃப்ட்டுக்கோ ஒரு கார் நிற்க இடமும், ஓரத்தில் ஆள் நிற்க இரண்டடியும் போதும். அதனால் முதல் தலைமுறை கராஜ்கள் லிஃப்ட்டை நம்பின. லிஃப்ட் பழுதானால் மேலே உள்ள கார்கள் அத்தனையும் சிறைதான். 1920-களில் டி'ஹ்யூமி முறை பரவியது. அதில் மாடிகளைப் பாதிப் பாதியாக ஏற்ற இறக்கமாக வைப்பார்கள். ஒரு சரிவு ஆறடி ஏறினால் போதும், நீளம் 40 அடியாகக் குறையும். இன்றைய பார்க்கிங் கட்டடங்கள் பலவும் அதன் வாரிசுகள்தான்.

அந்தக் காலத்துக் கராஜ்களின் உள்ளே தூணையும் கவனிக்க வேண்டும். உச்சியில் காளான் குடைபோல விரிந்து கூரையைத் தாங்கினால், அது மின்னியாபொலிஸ் பொறியாளர் சி.ஏ.பி. டர்னர் 1906-ல் கட்டிக்காட்டிய முறை. உத்தரமே கிடையாது. தூண் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வராமல் இருக்கத்தான் அந்த விரிவு. உத்தரம் மறைக்காததால் ஜன்னல் வெளிச்சம் உள்ளே வெகுதூரம் போகும். கான்கிரீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். மரத்தளம் போட்ட கராஜில் ஒரு பொறி விழுந்தால் கதை முடிந்தது.

மேல்மாடிகள் எதற்கு என்று கேட்டால், பெயின்ட்டும் குளிர்காலமும்தான் பதில். அன்றைய வார்னிஷ் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, காயவிட்டு, தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். தெருப்புழுதி ஒட்டினால் மறுபடி தேய்க்கணும். அதனால் புழுதி குறைவாகவும் வெளிச்சம் அதிகமாகவும் உள்ள மேல்தளம் பெயின்ட்டுக்கு ஏற்ற இடம். 1923-24-ல் டூக்கோ லாக்கர் என்ற சீக்கிரம் காயும் பெயின்ட் வந்ததும் இந்த இழுவை சில நாட்களுக்குள் அடங்கியது.

குளிர்காலக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1919-ல் அமெரிக்கக் கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்த கார்கள். சிகாகோப் பனியில் அதை யார் ஓட்டுவார்கள்? பனி முடியும்வரை கராஜில் விட்டுவிடுவது வழக்கம். ரேடியேட்டர் தண்ணீரோடு எஞ்சின் பிளாக்கின் தண்ணீரையும் வடிக்க வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் உறைந்து விரிந்து இரும்பைப் பிளந்துவிடும். டயரின் ஒரே பக்கம் பாரம் ஏறித் தட்டையாகாமல் இருக்க ஆக்ஸிலுக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் குறையாமல் வைக்க வேண்டும். நன்றாக இறங்கிப்போன பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய தண்ணீர்தான், மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறையும். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 60-க்கும் தாங்கும். 1927-க்குள் மூடிய கார்கள் 85 சதவீதம் ஆகிவிட்டன. உறையாத கூலன்ட்டும் கடைக்கு வந்தது. மாடி நிறையக் கார் அடுக்கி வாடகை பார்த்த தொழில் அதோடு தளர்ந்தது. பிறகு பெருமந்தம், அப்புறம் புறநகரில் பரந்த மனைகள். கட்டடங்கள் கிடங்காயின.

2000-ல் சிகாகோ நகரம் மோட்டார் ரோவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2002-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் முகப்பில் பதித்த டெரகோட்டாவுக்கு, அதாவது சுட்ட களிமண் துண்டுகளுக்கு, ஆபத்து ஓயவில்லை. ஒவ்வொரு துண்டும் உள்ளே இரும்புக் கொக்கியில் நிற்கிறது. இணைப்பு வழியாக நீர் இறங்கினால் கொக்கி துருப்பிடித்து வீங்கும், துண்டு வெடிக்கும். மேலே பெயின்ட்டோ சீலன்ட்டோ அப்பினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சேதம் இன்னும் வேகமாகும். பளபளவென்று 'புதுப்பித்த' முகப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். துருக்கறை இறங்கிய விரிசல் இருக்கிறதா என்று முகப்பின் உச்சியில் துருத்தும் விளிம்பான கார்னிஸ் பக்கம் பாருங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு: இந்த ஊரில் வடக்கு–தெற்குத் தெருக்களில் இரட்டைப்படை எண்கள் மேற்கு ஓரத்தில். ஹட்சன் கட்டடமும், செர்மாக் சாலைக்கு வடக்கே 2120-ல் இருக்கும், செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பழைய கட்டடமும் கிழக்குப் பார்த்தவை, காலை வெயிலில் எடுக்க வேண்டும். மதியத்துக்குமேல் எதிர்வரிசைக்குப் போங்கள். சந்துகளில் லாரி பின்னோக்கி வரும், சுவரோரமாக நடங்கள்.