வேட்பாளரின் ஒரு நாளுக்கு எத்தனை வாக்கு?

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி என்றதும் பலருக்கு மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் பழங்குடியினருக்கான அந்தத் தனித் தொகுதி வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் எனக் கீழேயும் பரந்து கிடக்கிறது. அங்கே ஒரு வேட்பாளரின் தேர்தல் பணிமனையில் சுற்றுப்பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது.

முந்தைய தேர்தலில் சாவடிவாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் படிவம் 20-ஐ மேசையில் விரித்து, நமக்கு உறுதியானவை, எதிரணிக்கு உறுதியானவை, இழுபறியானவை என்று வாக்குச்சாவடிகளை வண்ணப் பென்சிலால் பிரித்து வைத்திருந்தார்கள். இழுபறிச் சாவடிகளிலேயே வேட்பாளர் சுற்ற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1921-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எமில் போரெல் முன்வைத்து, பின்னாளில் கர்னல் பிளாட்டோ என்று பெயர்பெற்ற ஆட்டத்தின் தருக்கம் இது: பல களங்களில் படையைப் பங்கிட வேண்டும், ஒவ்வொரு களத்திலும் கூடுதல் படை வைத்தவருக்கே அந்தக் களம். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளுக்கும் தலைவரின் நாள்களைப் பங்கிடும் கட்சித் தலைமைக்கு இது பொருந்தும். ஒரு வாக்கில் வென்றாலும் தொகுதி தொகுதிதானே. தொகுதிக்குள் அப்படியில்லை. சாவடியை வெல்வதற்குப் பரிசு எதுவும் கிடையாது (பூத் பொறுப்பாளரின் மீசைக்கு வேண்டுமானால் உண்டு), எல்லா வாக்கும் ஒரே கூட்டலில்தான் சேருகிறது. எனவே கேட்க வேண்டியது, ஒரு மணி நேரத்தில் எங்கே கூடுதல் வாக்கு சேரும் என்பதே.

அந்தக் கேள்வியைக் கேட்டால் மலை தோற்றுவிடும். குப்பனூர் வழியாக மேலேறி, சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில், வாழப்பாடிப் பக்கம் பல தெருக்களை முடித்துவிடலாம். ஒன்றியச் செயலாளர் இதை ஏற்கவில்லை. "தம்பி, மேல ஓட்டுக் கேக்கப் போகலைன்னா அடிவாரத்துல இருக்கற அவங்க சொந்தபந்தமும் கேள்வி கேக்கும்," என்றார். சாவடிவாரிப் பட்டியலில் உறவுமுறைக்குப் பத்தி இல்லை. அவர் சொன்னதைக் கணக்கில் சேர்த்ததும் மலையின் மதிப்பு கணிசமாக உயர்ந்தது.

இருந்தும் ஒரு சிக்கல் மிஞ்சியது. இரு அணியும் மலைக்குப் போகாவிட்டால் இருவருக்கும் ஒரு நாள் மிச்சம். ஒருவர் மட்டும் போனால் போகாதவருக்கு அவப்பெயர். பிரசார வாகனத்துக்கும் கூட்டத்துக்கும் முன் அனுமதி பெற வேண்டியிருப்பதால் எதிரணியின் திட்டம் எங்களுக்கும், எங்களுடையது அவர்களுக்கும் எப்படியாவது தெரிந்துவிடும். அவர்கள் மலைக்கு அனுமதி கேட்ட செய்தி வந்த அன்றே, சமவெளிக்கு ஒதுக்கியிருந்த நாளை மாற்றி நாங்களும் விண்ணப்பித்தோம்.