நடுவரின் இடுப்பில் பட்ட பந்து

திருகோணமலையில் மென்பந்து என்று சொன்னால் அது டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டைத்தான் குறிக்கும். ‘சொப்ட்போல்’ என்ற அதே பெயரில், அமெரிக்காவில் பிறந்த, பேஸ்போலை ஒத்த வேறொரு விளையாட்டு இருக்கிறது என்பது எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் எவருக்கும் தேவைப்படாத செய்தியாகவே இருந்தது. சென்ற ஆடி மாதம் கோட்டைப் பக்கத்துத் திடலொன்றில் நான் நடுவராக நின்ற ஆட்டத்தில்தான் அது தேவைப்பட்டது.

கச்சான் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த பின்னேரம் அது. துடுப்பாட்டவீரர் நேராக ஓங்கி அடித்த பந்து, நான் விலகுவதற்குள் என் இடுப்பில் மோதித் தெறித்து, நிலத்தில் படாமலேயே மிட் ஒன்னில் நின்றவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முறையீடு எழுந்தது; நான் விரலை உயர்த்தினேன். அடுத்த நிமிடம் துடுப்பெடுத்தாடிய அணி முழுவதும் என்னைச் சூழ்ந்து நின்றது. அவர்களில் ஒரு தம்பி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “அண்ணா, சொப்ட்போல் ரூல் இதில இருக்கு, வடிவாப் பாருங்கோ. அம்பயரில பட்டா பந்து டெட்” என்றார்; அதாவது ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவர் தேடியது மென்பந்து விதியை. கைப்பேசி காட்டியதோ மற்ற விளையாட்டின் விதியை. கிரிக்கெட்டின் 33ஆம் விதிப்படி, நடுவரில் பட்டுத் தெறித்த பந்தை நிலத்தில் விழுமுன் பிடித்தால் அது முறையான பிடிதான். ஆகவே தீர்ப்பை நான் மாற்றவில்லை. ஆனாலும் அன்றிரவு, கன்றிச் சிவந்த இடத்துக்குச் சித்தாலேப பூசிக்கொண்டே அந்த மற்ற விளையாட்டின் விதிகளை வாசிக்கத் தொடங்கினேன்.

தம்பி சொன்னது பாதி சரி. நடுவரில் பட்ட பந்துக்குச் சொப்ட்போலில் ஒரே விடை கிடையாது; அது அடித்த பந்தா, எறிந்த பந்தா, நடுவரை அடையுமுன் யாரைக் கடந்து வந்தது என்றெல்லாம் விசாரித்த பின்னரே விதி வாயைத் திறக்கிறது. துடுப்பில் பட்டு ஆடுகளத்துக்குள் வந்த பந்து, எவரிலும் படாமலும், பந்துவீச்சாளரைத் தவிர்ந்த உட்களத்தடுப்பாளர் (அடிப்பவருக்குக் கிட்ட, உள்ளே நிற்கும் களத்தடுப்பாளர்) ஒருவரைக் கடக்காமலும் நேரே நடுவரில் மோதினால், அது அந்தக் கணமே டெட் ஆகிவிடும். அடித்தவருக்கு முதலாம் பேஸ் (ஓடிச் சுற்றிவர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) வழங்கப்படும். அவருக்கு இடம்விட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஓட்டக்காரர்கள் மட்டும் ஒரு பேஸ் முன்னேறலாம். இரண்டாம் பேஸில் மாத்திரம் ஒருவர் நின்றிருந்து, அந்தப் பந்துக்கு அவர், அடிப்பவர் நிற்கும் கடைசி நிலையான ஹோம் பிளேட்வரை ஓடி முடித்திருந்தாலும், அவர் இரண்டாம் பேஸுக்கே திரும்ப வேண்டும்.

பந்து உட்களத்தடுப்பாளரைக் கடந்துவிட்டாலோ கதை வேறு. அவருடைய வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. நடுவர் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஆகவே ஆட்டம் தொடரும். பந்துவீச்சாளரில் உராய்ந்து திசைமாறி வந்து பட்டாலும் அப்படித்தான். பேஸ்களுக்கு இடையே 60 அடி மட்டுமே உள்ள களத்தில் பாய்ந்து வரும் பந்துக்கு விலக நேரம் கிடைப்பது அரிது என்பதால், பேஸ் நடுவர் பொதுவாக உட்களத்தடுப்பாளர்களுக்குப் பின்னால் நிற்கவே பழக்கப்படுகிறார். களத்தடுப்பாளர் எறிந்த பந்து நடுவரில் பட்டால் ஆட்டம் நிற்பதேயில்லை; அது எறிந்தவரின் பாடு.

என் இடுப்பில் பட்டுப் பிடிபட்ட பந்து அங்கே பிடியாகாது, ஏனென்றால் நடுவரில் பட்ட பந்து நிலத்தில் பட்ட பந்துக்குச் சமம். சொப்ட்போல் நடுவரை நிலமாகப் பார்க்கிறது. கிரிக்கெட் அவரைக் காற்றாகப் பார்க்கிறது. அடித்தவரின் பக்கம் நின்று யோசித்தால் சொப்ட்போலின் பார்வையே நியாயம் என்று எனக்குப் படுகிறது. (எங்கள் திடலில் மேயவரும் மான்களில் பந்து பட்டால் டெட் என்று எழுதாத விதியொன்று உண்டு. மானுக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை நடுவருக்கு இல்லை.)

அந்த விதிகளில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்திருந்தது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவரைப் பற்றிய பகுதி. பந்து வீசப்பட்டதும் முதலாம் பேஸில் இருப்பவர் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடக் காத்திராமலே அதைப் பிடிக்க, ஓடுகிறார். பந்துபிடிப்பவர் எழுந்து எறியக் கையைப் பின்னே இழுக்கிறார். முழங்கை நடுவரின் முகக்கவசத்தில் இடிக்கிறது. நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முட்டியை மூடி வைத்துக்கொண்டு, எறிந்த பந்து என்ன ஆகிறது என்று பார்க்கிறார். அந்த எறியிலேயே ஓடியவர் ஆட்டமிழந்தால் இடிபட்ட பேச்சே இல்லை. தப்பிவிட்டால் பந்து டெட். அவர் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். துடுப்பாட்டவீரர் அதே இடைஞ்சலைச் செய்திருந்தால் அவர் ஆட்டமிழந்திருப்பார்; நடுவரை ஆட்டமிழக்கச் செய்ய வழியில்லாததால் இங்கே எவரும் ஆட்டமிழப்பதில்லை. நேர்மையாகத் திருடியவர் திருடியதை இழக்கிறார் என்பது உண்மைதான். ஆயினும் தன் பிழையைத் தானே கையை நீட்டி அறிவிக்க வேண்டிய நடுவரை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

இரண்டு கிழமை கழித்து அதே தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எறிஞ்ச பந்து உங்களில பட்டா?” என்றார். இரண்டு விளையாட்டிலும் ஆட்டம் தொடரும் என்றேன். அன்று அவர் துடுப்பெடுத்தாட வந்தபோது, விக்கெட்டிலிருந்து வழக்கத்தைவிட ஓரடி பின்தள்ளி நின்றேன்.