புதுப் பெயர் எதுவரை போகலாம்?

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு திறமூல (மூலநிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) இசை சர்வருக்கு நிரல் எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த பாட்டுகளை வெளியூரில் இருந்தும் கைபேசியில் கேட்க உதவும் மென்பொருள் அது. அதற்குப் புதுப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, எந்தப் பெயர் என்பதில்தான் குழுவில் பேச்செல்லாம் நடந்தது. என் மனதில் ஓடியது வேறு: அந்தப் பெயர் நிரலுக்குள் எதுவரை போகலாம்?

இந்த வகை மென்பொருள்களுக்குப் பெயர் மாறுவது புதிதல்ல. திறமூலமாக இருந்த சப்சோனிக் 2016-இல் 6.0 பதிப்போடு மூலநிரலை மூடிக்கொண்டது. பழைய நிரலிலிருந்து லிப்ரேசோனிக் கிளைத்தது, அதிலிருந்து 2017-இல் ஏர்சோனிக். கிளவுட்சோனிக் என்று தனியாகத் தொடங்கிய இன்னொன்று நேவிட்ரோம் ஆனது. யாருடைய வாலும் ஒட்டாத பெயர் என்பதால் அந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெயர் தேடுவதில் பாதி வேலை சலிப்பானது. வர்த்தகமுத்திரை இருக்கிறதா, டொமைன் கிடைக்குமா, அதே பெயரில் டெபியன் லினக்ஸில் வேறு மென்பொருள் பொதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அழகான பெயர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுந்துவிடுகின்றன.

சரி, பெயர் முடிவானது. அப்புறம்தான் உண்மையான விவாதமே. பழைய பெயர் ஒரு இடத்திலும் மிஞ்சக்கூடாது என்றார் நண்பர் ஒருவர். அவர் ஆசை எனக்குப் புரிந்தது, ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கைபேசிச் செயலிகளோடு பேச எங்கள் சர்வரும் சப்சோனிக் வகுத்த வழிமுறையைத்தான் பின்பற்றுகிறது. அந்த வழிமுறையில் பேசும் எந்த சர்வரிடமும் ‘பிங்’ (இருக்கிறாயா என்று கேட்கும்) கோரிக்கை அனுப்பி, ஜேசன் என்ற உரை வடிவில் வரும் பதிலைத் திறந்து பாருங்கள். எடுத்த எடுப்பில் ‘சப்சோனிக்-ரெஸ்பான்ஸ்’ என்றுதான் இருக்கும். நேவிட்ரோமும் அப்படித்தான் பதில் சொல்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்றினால் டிசப், சிம்ஃபோனியம் போன்ற பாட்டுக் கேட்கும் செயலிகளுக்கு நம் சர்வர் சொல்வது எதுவும் விளங்காது. படமும் பாட்டும் இயக்கும் எக்ஸ்பிஎம்சி என்ற மென்பொருளும் 2014-இல் ‘கோடி’ என்று பெயர் மாறியது. அதற்குத் துணைநிரல் எழுதுபவர்கள் பைத்தானில் இன்றும் ‘இம்போர்ட் எக்ஸ்பிஎம்சி’ என்றுதான் தொடங்குகிறார்கள். ஆயிரம் பேர் எழுதி வைத்த நிரலை ஒரு பெயருக்காக உடைக்காமல் விட்டது பெருந்தன்மை என்றே நினைக்கிறேன்.

அதனால் எங்கள் திட்டத்தில் திரையில் தெரிவது, சின்னம், கட்டளைப் பெயர் எல்லாம் மாறின; செயலிகளோடு பேசும் மொழி மாறவில்லை. தரவுக் கோப்புறையில் மட்டும் நிறைய நேரம் செலவிட்டோம். ஒருவர் வருடக்கணக்கில் சேர்த்த பாட்டுப் பட்டியல்களும் நட்சத்திரக் குறிகளும் அங்கேதான் கிடக்கின்றன. புதுப் பதிப்பு முதல் தடவை ஓடும்போது பழைய கோப்புறையைத் தேடி, அதைத் தொடாமல் நகலெடுத்துக்கொள்ளும்படி எழுதினோம்.

டாக்கர் இமேஜை, அதாவது அப்படியே இறக்கி ஓட்டும்படி கட்டிய மென்பொருள் தொகுப்பை, பழைய பெயரிலும் வெளியிட்டு வருகிறோம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டு மறந்தவர்களுக்குப் பெயர் மாறிய செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. பழைய இமேஜ் நின்றுபோனால் பிழைச் செய்திகூட வராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதை நிறுத்திவிடலாமா என்று குழுவில் அவ்வப்போது கேட்கிறார்கள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.