50 விழுக்காடு வாங்கித் தோற்றதும், அதைவிடக் குறைவாக வாங்கி வென்றதும்

2018 மே 9ஆம் தேதித் தேர்தலில் மலேசியாவை அதுவரை ஆண்ட தேசிய முன்னணி கவிழ்ந்ததற்குக் காரணம் கேட்டால் 1எம்டிபி அரசு நிதி ஊழல், ஜிஎஸ்டி வரி, பிரதமர் நஜிப் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் சரிதான். ஆனால் மக்களின் கோபம் மட்டுமே போதும் என்றால் 2013லேயே மலேசியாவில் ஆட்சி மாறியிருக்க வேண்டும். அந்த ஆண்டு எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி வாங்கிய வாக்கு 50.87 விழுக்காடு. தேசிய முன்னணி வாங்கியது 47.38. நாடாளுமன்றத்தில் மக்கள் கூட்டணிக்குக் கிடைத்ததோ 89 இடங்கள். தேசிய முன்னணிக்கு 133. ஐந்து ஆண்டுகள் கழித்து எதிர்க்கட்சிகளின் புதிய அணியான நம்பிக்கைக் கூட்டணி சபா மாநிலத்தின் வாரிசான் கட்சியையும் சேர்த்து 50 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆனால் 222இல் 121 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் நடந்த வேலையைத்தான் எதிர்க்கட்சி ஒற்றுமை பற்றிப் பேசுகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். மேடையில் கைகோர்த்து நிற்கும் படத்தில் அந்த வேலை தெரியாது.

முதலில் வாக்கு எங்கே விழுகிறது என்ற கேள்வி. நம் தேர்தல் முறையில் தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதான். 2013இல் காப்பார் தொகுதியில் சுமார் 144,000 வாக்காளர்கள். புத்ராஜெயாவில் சுமார் 16,000. இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். நகரத்துத் தொகுதிகளில் எதிர்க்கட்சி நாற்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கணக்கில் ஏறுவது ஓர் இடம்தான். தேசிய முன்னணியின் பலம் சிறிய கிராமப்புறத் தொகுதிகளிலும், ஜொகூரிலும், கடல் கடந்து சபா சரவாக்கிலும் இருந்தது. 2013இல் சபாவின் 25இல் 22, சரவாக்கின் 31இல் 25 அவர்களுக்கே போயின. ஜொகூரின் 26இல் எதிர்க்கட்சிக்குக் கிடைத்தவை 5.

2018இல் இதே மூன்று மாநிலங்களைப் பாருங்கள். ஜொகூரில் நம்பிக்கைக் கூட்டணிக்கு 18. சபாவில் வாரிசானோடு சேர்த்து 14. சரவாக்கில் 10. மூன்றிலும் சேர்த்து முன்பு 14 ஆக இருந்தது 42 ஆகிவிட்டது. ஆட்சி மாறியது இங்கேதான். எதிர்க்கட்சியின் நகரக் கோட்டைகளான பெட்டாலிங் ஜெயாவிலோ ஜார்ஜ்டவுனிலோ இன்னும் பத்தாயிரம் வாக்கு கூடுதலாக விழுந்திருந்தாலும் ஒரு நாற்காலிகூடக் கூடியிருக்காது.

ஆகவே கூட்டணி அமைக்கும்போது கேட்க வேண்டியது "யாரெல்லாம் நம்மோடு இருக்கிறார்கள்" என்பதை அல்ல. "நம்மால் போக முடியாத தொகுதிக்கு யார் போவார்கள்" என்பதை. ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) பிகேஆரும் (மக்கள் நீதிக் கட்சி) கால் வைக்க முடியாத ஃபெல்டா (அரசு நில மேம்பாட்டுத் திட்டம்) குடியேற்றங்களுக்குள் போவதற்குத்தான் முன்னாள் பிரதமர் மகாதீரின் பெர்சத்து கட்சி தேவைப்பட்டது. மகாதீரைச் சேர்த்துக்கொண்டது சரியா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் அவர் ஆட்சியில் சிறைக்குப் போனவர்களே அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் விழுங்கிய கசப்பு சாதாரணமானதல்ல. ஆனாலும் தொகுதிக் கணக்கு அந்த முடிவின் பக்கம்தான் நிற்கிறது.

அடுத்தது தொகுதிப் பங்கீடு. இதை 2018 ஜனவரி 7ஆம் தேதி ஷா ஆலாம் மாநாட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்: தீபகற்ப மலேசியாவின் 165 தொகுதிகளில் பெர்சத்துக்கு 52, பிகேஆருக்கு 51, ஜசெகவுக்கு 35, இஸ்லாமியக் கட்சியான பாஸிலிருந்து பிரிந்த அமானாவுக்கு 27. தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பே பங்கீட்டை முடித்தது சின்ன விஷயமல்ல. வேட்புமனுவுக்கு முந்தைய நாள்வரை பேச்சு இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பல தேர்தல்களில் பார்த்தாயிற்று: இரண்டு தோழமைக் கட்சிகளும் ஒரே தொகுதியில் மனுச் செய்துவிடும், வட்டாரத் தலைவர் தனக்கு இடமில்லை என்று கடைசி நேரத்தில் சுயேச்சையாக இறங்குவார், கிளைக்காரர்கள் கொடி கட்ட வரமாட்டார்கள். முன்கூட்டியே அறிவித்தால் அந்தக் கோபம் ஆறக் கொஞ்சம் காலம் கிடைக்கும்.

பங்கீட்டுக்குப் பொதுவாக மூன்று அளவுகோல்கள் உண்டு. ஏற்கெனவே வென்றவருக்கு அந்தத் தொகுதி. சென்ற முறை இரண்டாவதாக வந்த கட்சிக்கு அடுத்த உரிமை. மூன்றாவது, அந்தத் தொகுதி வாக்காளர்களின் இன விழுக்காடு. எல்லா மோதலும் மூன்றாவதில்தான் வரும். பெர்சத்துக்கு 2013இன் வரலாறே கிடையாது; அது பிறந்ததே 2016இல். ஆனாலும் தேசிய முன்னணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் கோட்டைகளை அதற்குக் கொடுத்தார்கள். 52 வாங்கி 13இல்தான் வென்றது. இதை வைத்து அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அந்த 52இல் பெரும்பாலானவற்றை வேறு எந்தக் கட்சி வாங்கியிருந்தாலும் வைப்புத்தொகையைக் காப்பாற்றுவதே பாடாகியிருக்கும்.

பங்கீட்டுக்கு வெளியே நின்ற சின்னக் கட்சிகளின் கதை வேறு. மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் 2008இல் பிகேஆர் சின்னத்தில் நின்றுதான் சுங்கை சிப்புட்டில் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை வீழ்த்தினார். 2018இல் அந்தக் கட்சி தன் சொந்தச் சின்னத்தில் நின்றது. அதே சுங்கை சிப்புட்டில் வைப்புத்தொகை போயிற்று, பிகேஆரின் கேசவன் வென்றார். இன்னும் கொடுமை கேமரன் மலை. அங்கே தேசிய முன்னணியின் மஇகா வேட்பாளர் ஜசெகவின் மனோகரனை 597 வாக்குகளில் முந்தினார். சோசலிசக் கட்சி வாங்கியது 680. தோட்டத் தொழிலாளர்களுக்காகவும் விவசாயிகளுக்காகவும் பல காலம் நின்ற கட்சி அது. அதற்கு ஓர் இடம் ஒதுக்க மனம் வராத பெரிய கட்சிகள் மீதும் பழி உண்டு. கடைசிவரை விலகாத சின்னக் கட்சி மீதும் உண்டு.

இப்போது சின்னம். என் கணக்கில் 2018இன் மிகப் பெரிய ஒற்றை முடிவு இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

நான்கு கட்சியும் நான்கு சின்னத்தில் நின்றால் வாக்காளருக்கு என்ன சொல்வீர்கள்? நாடாளுமன்றத்துக்கு ஒரு தாள், சட்டமன்றத்துக்கு ஒரு தாள். மேலே அமானா, கீழே ஜசெக என்று ஒரே வாக்காளருக்கு இரண்டு சின்னங்கள். மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) ஜசெகவின் ராக்கெட் சின்னத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஊட்டப்பட்ட பயம் வேறு. கூட்டணியைப் பதிவு செய்து பொதுச் சின்னம் வாங்க மனுப் போட்டும், கட்சிகளைப் பதிவு செய்யும் சங்கப் பதிவிலாகாவிடமிருந்து தேர்தலுக்கு முன் அனுமதி வரவில்லை. பதிவு கிடைத்தது ஆட்சியைப் பிடித்த பிறகுதான். ஏப்ரல் 5ஆம் தேதி, அதாவது நாடாளுமன்றம் கலைக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பெர்சத்துவைத் தற்காலிகமாகக் கலைத்துப் பதிவிலாகா உத்தரவு போட்டது. அதோடு ஒரு கட்சிக்குச் சின்னமே இல்லை என்ற நிலை.

நான்கு கட்சியும் தீபகற்பத்தில் பிகேஆர் சின்னத்திலேயே நிற்பது என்று அறிவித்தார்கள். ஜசெக 1960களிலிருந்து சுமந்த ராக்கெட்டை இறக்கி வைத்தது. முன் அனுபவமும் கைகொடுத்தது: 2013இல் ஜசெகவின் மத்திய செயலவை விவகாரத்தில் பதிவிலாகா நெருக்கியபோது பாஸ் சின்னத்தில் நிற்கத் தயாராகி, கடைசி நேரத்தில் ராக்கெட்டுக்கு அனுமதி வந்தது. ஆக, மாற்றுச் சின்னத் திட்டம் இல்லாமல் தேர்தலுக்குப் போகக் கூடாது என்பது ஏற்கெனவே தெரிந்த பாடம். பதிவிலாகா உத்தரவு எதிர்க்கட்சியை உடைப்பதற்குப் பதில் ஒரே சின்னத்தின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது.

இதற்கு விலையும் உண்டு. சுவரொட்டியில் யார் முகம் இருக்கலாம் என்று தேர்தல் ஆணையம் விதி போட்டது. மகாதீரின் முகத்தைப் பதாகைகளிலிருந்து வெட்டி எடுத்தார்கள். பிரதமர் வேட்பாளரின் முகம் இருந்த இடத்தில் ஓட்டையோடு தொங்கிய அந்தப் பதாகைகள் எதிர்க்கட்சிக்குப் பிரச்சாரமாகவே ஆகிவிட்டன என்பது வேறு விஷயம்.

வேட்புமனு நாளில் நடக்கும் தவறுகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வைப்புத்தொகை, சட்டமன்றத்துக்கு 5,000, பிரச்சாரப் பொருள்களுக்குத் தனி வைப்பு. மனு வாங்குவது காலை 9 முதல் 10 வரை மட்டும். 2018 ஏப்ரல் 28 அன்று ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் பிகேஆர் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமை நுழைவு அட்டை இல்லை என்று உள்ளே விடவில்லை. தேசிய முன்னணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்து இடைத்தேர்தல் நடந்தது. பத்து (Batu) என்ற தொகுதியில் பிகேஆரின் தியான் சுவாவின் மனு, முன்பு விதிக்கப்பட்ட 2,000 வெள்ளி அபராதத்தைக் காட்டி நிராகரிக்கப்பட்டது. கூட்டணிக்கு வேட்பாளரே இல்லை. அங்கே சுயேச்சையாக நின்ற 22 வயது பிரபாகரனை ஆதரிப்பது என்று உடனே முடிவெடுத்தார்கள்; கூட்டணியின் சின்னம் இல்லாமலேயே அவர் வென்றார். வழக்கு, அபராதம் உள்ள வேட்பாளருக்கு மாற்று ஆள் மனுவைக் கையில் வைத்திருப்பது கட்டாயம். பத்து தொகுதியில் நல்ல காலம், தப்பியது.

வாக்களிப்பு நாள் வேலைக்கும் ஒரே சின்னம் உதவியது. ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்குச் சாவடிக்குள் உள்ள தனி வாக்களிப்பு அறை) ஒரு முகவர் வேண்டும். எண்ணி முடித்ததும் 14ஆம் பாரத்தில் (வாக்கு எண்ணிக்கைப் படிவம்) அதிகாரி கையெழுத்துப் போட்டு முகவரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்தான் ஆதாரம். சாலுரான்கள் வயதுப்படி பிரிக்கப்படுவதால் முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். எந்தத் தாள் எந்த வயதுக்காரர்களுடையது என்பது முகவருக்குத் தெரியும். அமானாவுக்கு ஆள் இல்லாத ஊரில் ஜசெகக்காரர் அமானா வேட்பாளருக்கு முகவராக உட்காரத் தயங்கவில்லை, ஏனென்றால் தாளில் இருந்தது ஒரே சின்னம்.

பாஸ் தனித்து நின்றதால் எதிர்ப்பு வாக்கு சிதறும், தேசிய முன்னணி சுலபமாக ஜெயிக்கும் என்று கணித்தவர்கள் ஏராளம். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நம்பிக்கைக் கூட்டணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போனது உண்மை. ஆனால் மேற்குக் கரையில் பாஸ் அம்னோவின் வாக்கையும் தின்றது. மும்முனைப் போட்டியில் வெல்ல 50 விழுக்காடு வேண்டியதில்லை. கெடாவின் 15இல் 10 அப்படித்தான் வந்தன. ஆக, எல்லாரும் ஒன்றுசேர்ந்தே ஆக வேண்டும் என்ற பொது நம்பிக்கை எப்போதும் சரியல்ல. 1999இல் பாஸும் ஜசெகவும் மாற்று முன்னணியில் ஒன்றாக நின்றன. பாஸ் 27 இடம் பெற்றது, ஜசெகவுக்கு 10. இஸ்லாமிய நாடு விவகாரத்தில் 2001இல் ஜசெக வெளியேறியது. 2015இல் ஹுடூட் (இஸ்லாமியக் குற்றவியல் தண்டனை) விவகாரத்தில் மக்கள் கூட்டணியும் அதே இடத்தில்தான் உடைந்தது. அடிப்படையிலேயே ஒத்துவராத கட்சியைத் தொகுதிக் கணக்குக்காக உள்ளே வைத்திருந்தால் நம் வாக்காளரையே இழப்போம்.

இவ்வளவு சரியாகச் செய்தவர்கள் 22 மாதங்களில் ஆட்சியை ஏன் இழந்தார்கள்? இரண்டு விஷயங்களைத் தேர்தலுக்கு முன் எழுதி முடிக்காமல் விட்டதால்.

ஒன்று, பிரதமர் பதவி கைமாறும் தேதி. முதலில் மகாதீர், அரச மன்னிப்புக்குப் பிறகு அப்போது சிறையில் இருந்த பிகேஆரின் அன்வார் என்பது ஷா ஆலாமிலேயே ஒப்புக்கொண்டது. தேதி இல்லை. இரண்டு ஆண்டு என்று ஒருவர், அப்படிச் சொல்லவில்லை என்று இன்னொருவர். 2020 பிப்ரவரி 21 தலைமைத்துவ மன்றக் கூட்டத்தில் தேதியை மகாதீரின் விருப்பத்துக்கே விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் பதவி விலகினார். மார்ச் 1இல் பெர்சத்துவின் முகைதீன் பிரதமரானார்.

இரண்டாவது, கட்சித் தாவல். இதில் எனக்கு நம்பிக்கைக் கூட்டணி மீதே வருத்தம் அதிகம். 13 இடம் வென்ற பெர்சத்து, அம்னோவிலிருந்து வந்தவர்களை வாங்கி 26 ஆக வளர்ந்தபோது தோழமைக் கட்சிகள் தடுக்கவில்லை. ஷா ஆலாமில் ஒப்புக்கொண்ட சமநிலை அன்றே போய்விட்டது. பிறகு அந்தக் கட்சியும் அஸ்மின் அலி உட்பட பிகேஆரிலிருந்து போன 11 பேரும் சேர்ந்துதான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 2009இல் பேராக்கில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியே மாநில ஆட்சி போனதை நேரில் பார்த்த கூட்டணி இது. தாவல் தடைச் சட்டத்தை முதல் நூறு நாளிலேயே கொண்டு வந்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் 2022 அக்டோபரில்தான் அரசமைப்பின் 49ஏ பிரிவாக நடைமுறைக்கு வந்தது. கட்சியிலிருந்து விலகினால் தொகுதி காலியாகும். ஆனால் கட்சி நீக்கினால் காலியாகாது. கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் காலியாகாது. உறுப்பினராகவே இருந்துகொண்டு எதிரணியை ஆதரித்த பெர்சத்து உறுப்பினர்கள் ஆறு பேரின் தொகுதிகள் காலியாகவில்லை என்று 2024இல் சபாநாயகர் முடிவு செய்தார். அதாவது 2020இல் நடந்ததில் பாதியை, ஒரு கட்சியே கூண்டோடு வெளியேறியதை, இந்தச் சட்டம் இன்றும் தடுக்காது. அதைத் தடுக்கக் கட்சிகளுக்கு இடையிலான எழுத்து ஒப்பந்தம்தான் வேண்டும்: யார் எத்தனை நாள் பிரதமர், தாவி வந்தவரைச் சேர்க்க எத்தனை கட்சிகளின் ஒப்புதல், வெளியேறினால் எந்த அமைச்சுகளை உடனே விட வேண்டும் என்ற மூன்றும் வேட்புமனு நாளுக்கு முன்பே கையெழுத்தாகி, பொதுமக்கள் பார்க்க வெளியிடப்பட வேண்டும்.