ஒடிசியஸின் நாயும் சீசரின் மூதாதையும்: ரோமில் ஒரு நாணயக் கூடம்

ரோம் நகரின் டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேல்தளங்களின் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் நாடிச் செல்வார்கள். நான் இறங்கியதோ அடித்தளத்து நாணயக் கூடத்துக்கு.

கி.மு. 211 வாக்கில் புழக்கத்துக்கு வந்த தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசில், முதலில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியும் குதிரையில் பாயும் இரட்டையரான காஸ்டர், பொலக்ஸும்தான் மீண்டும் மீண்டும் வந்தார்கள். பிறகு, காசு அச்சிடும் பொறுப்பிலிருந்த இளம் அதிகாரிகள், அரசியலில் முன்னேறத் தங்கள் குலப்பெருமையை ஊரறியச் செய்ய விரும்பி, அந்தக் குலத்துக்குரிய புராணக் கதைகளைப் பொறிக்கத் தொடங்கினார்கள்.

அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, கி.மு. 82இல் காயஸ் மாமிலியஸ் லிமெட்டானஸ் வெளியிட்ட காசு. 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. விளிம்பெங்கும் பல் பல்லாக வெட்டு. முன்புறம் சிறகு வைத்த தொப்பியுடன் தேவர்களின் தூதனான மெர்க்குரி. பின்புறத்தில், கையில் கோலூன்றி, நாடோடிக் கோலத்தில் நடந்து வரும் கிரேக்கப் புராண வீரர் ஒடிசியஸ், தன்னை அடையாளம் கண்டு தலை நிமிர்த்தும் ஆர்கோஸ் என்ற நாயை நோக்கிக் கை நீட்டுகிறார். கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில், டிராய் நகரப் போருக்குப் போய் 20 ஆண்டுகளுக்குப் பின் மாறுவேடத்தில் வீடு திரும்பும் அவர், தாம் யாரென்பது வெளிப்பட்டுவிடும் என்பதால் நாயை நெருங்காமல் கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொள்வார். காவியம் மறுத்த அந்தத் தொடுகையை அச்சு வெட்டிய பெயர் தெரியாத கைவினைஞர் இங்கே கொடுத்திருக்கிறார். மாமிலியஸ் குடும்பத்தார் தங்களை ஒடிசியஸின் மகன் டெலிகோனஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆயினும் குலப்பெருமைக்காகச் செதுக்கிய காட்சியில் இவ்வளவு ஈரம் இருப்பதே எனக்கு வியப்பு.

கி.மு. 47-46ஐச் சேர்ந்த ஜூலியஸ் சீசரின் காசு வேறு குணம் கொண்டது. முன்புறம் காதல் தேவி வீனஸ், பின்புறத்தில், எரியும் டிராயிலிருந்து முதிய தந்தை அங்கைசிஸைத் தோளில் சுமந்து, மறு கையில் அதீனா தேவியின் சிலையை ஏந்தி வெளியேறும் ஏனியாஸ், பக்கத்தில் 'சீசர்' என்ற ஒரே பெயர். வீனஸின் மகன் ஏனியாஸ். 'அவன் வழித்தோன்றல் நான்' என்பதே சீசர் சொல்லும் செய்தி. வேலைப்பாடு கம்பீரமானது, ஆனால் மாமிலியஸின் காசு தரும் நெருக்கம் இதில் இல்லை. கி.மு. 44இல் சீசரின் முகமே காசில் ஏறியது; உயிரோடிருக்கும் ஒருவரின் முகம் ரோமின் காசில் வந்தது அதுவே முதல் முறை. நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள், அதற்குப் பின் வந்த அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் முகம் தாங்கியவை.